இடது பெருவிரலுக்கு ஏற்ற கண்ட்ரோலர்

மில்லர்புரத்தில் விஜிலா அக்கா நடத்தும் கேம் சென்டரில்தான் இப்போது எனக்கு வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். இதை வேலை என்பதா, வேலைக்குக் காத்திருப்பது என்பதா என்று சில நாள் எனக்கே தெரிவதில்லை. அக்காவுக்கு அப்படிச் சந்தேகமெல்லாம் வராது.

அவர் முன்பு பல வருஷம் கம்பெனியில் இறால் உரித்தவர். இடதுகைக்காரி. ஐஸ் தண்ணீரில் நனைந்த இறாலின் தலையை இடது பெருவிரலால் நெட்டித் தள்ளித் தள்ளி, மூட்டு தடித்துப்போனது. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஆன்றோ ஒரு லீவில் கேம் மெஷின் கொண்டுவந்தான். அதில் கால்பந்து ஆடப் பழகியவர், பிறகு கடையே போட்டுவிட்டார்.

கடையில் இரண்டு வகைக் கண்ட்ரோலர் உண்டு. பிளேஸ்டேஷன் வகையில், ஆளை ஓட்டப் பெருவிரலால் உருட்டும் இரண்டு குமிழும் கீழே அக்கம்பக்கமாக இருக்கும். எக்ஸ்பாக்ஸ் வகையில் இடது குமிழ் மேலே ஏறியிருக்கும். நான் யூடியூப் பார்த்துவிட்டு முதலாவதுதான் சிறந்தது என்பேன்.

"பெருவிரல மடக்காம வைக்க முடியுதான்னு பாருலே. மத்ததெல்லாம் பெறகு" என்பார் அக்கா.

கோயில் திருவிழாவுக்குத் தெரு வாலிபர் சங்கம் கால்பந்து கேம் போட்டி வைத்தது. கம்ப்யூட்டரில் ஆட்டம் என்பதால் எந்தக் கண்ட்ரோலரும் ஓடும். ஆனால் சங்கம் எல்லாருக்கும் பொதுவாக பிளேஸ்டேஷன் வகையையே வைத்திருந்தது. அக்கா அதிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு அரையிறுதியை ஜெயித்தார். மறுநாள் விரல் வீங்கி மடங்கவே இல்லை. இறுதி ஆட்டத்துக்குத் தன்னுடைய எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரைக் கையோடு கொண்டுவந்தார்.

போட்டியை நடத்தும் இஞ்ஞாசி அண்ணன் மறித்தார். "எல்லாருக்கும் ஒரே சாமான். அதான் நியாயம். முடியலன்னா ஒதுங்கிக்க."

கேட்டபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. அக்கா விடவில்லை.

"இஞ்ஞாசிண்ணே, நம்ம சங்கத்துல கேரம் ஆடுதியள்லா? ஒங்க சட்டப் பையில கெடக்கது யாரு ஸ்ட்ரைக்கர்?"

அண்ணனின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. கூட்டம் சிரித்தது. எங்கள் சங்கத்தில் கேரம் ஆடுபவர்கள் சொந்த ஸ்ட்ரைக்கர் இல்லாமல் வரமாட்டார்கள்; அடுத்தவனுடையதை வாங்கி ஆடுவது கௌரவக் குறைச்சல்.

"போர்டு ஒன்னு, காயி ஒன்னு. ஸ்ட்ரைக்கர் மட்டும் அவனவனுது. அநியாயம்னு யாராச்சும் சண்டைக்கு வந்தாவளா?"

அண்ணன் எதிராளியைப் பார்த்தார். "ஏலே ரெனிஷ், நீ என்னலே சொல்லுத?"

"எத வச்சு ஆடுனாலும் தோக்கப்போறது யக்காதான். ஆடட்டும்."

"வாயி நல்லா ஆடுதுலே. கையி ஆடுதான்னு பாப்பம்" என்று அக்கா உட்கார்ந்தார்.

முதல் பாதியில் ரெனிஷ் ஒரு கோல் முந்தினான். பிறகு திரையில் அக்காவின் ஆள்கள் மைதானத்தின் ஓரமாகவே ஓடத் தொடங்கினார்கள். மேலே இருந்த குமிழில் அவர் பெருவிரல் நீட்டியபடியே கிடந்தது. நுனி மட்டும்தான் அசைந்தது. இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்.

"யக்கா ஜெயிக்கல, அந்தச் சாமான்தான் ஜெயிச்சிருக்கு" என்றான் ரெனிஷ்.

அக்கா கண்ட்ரோலரை அவனிடம் நீட்டினார். "அப்ப இந்தா. இத வச்சுக் கடையில வந்து ஆடு. நான் வேற ஒன்னு எடுத்துக்கிடுதேன்."

அவன் வாங்கி, குமிழை உருட்டி, கையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தான்.

"எனக்கு இது தோதுபடல யக்கா."

"பெறகென்னலே? ஒனக்குத் தோதுபட்டத எடுத்துட்டு வா."