புளி தேய்த்த கல்

குத்துவிளக்கு தேய்க்கிற புளியைப் போட்டுச் சலவைக்கல்லைத் தேய்த்த முட்டாள் நான். அதுவும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். புளிப்பு பட்டால் சலவைக்கல் கரையும் என்று முந்தின வாரம்தான் வகுப்பில் முழங்கியிருந்தேன்.

அந்தக் கல் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் சுவரில், பஸ் நிற்கும் ரோட்டு முடக்கில் இருக்கிறது. மண்சரிவில் லயத்து வீடுகளோடு புதைந்தவர்களின் பெயர்கள் அதில். மூன்றாவது பெயர் டிரைவர் மாமாவின் மனைவியுடையது. அத்தையின் படங்களும் மண்ணுக்குள் போய்விட்டன. மாமாவுக்கு மிஞ்சியது அந்த நாலு எழுத்துதான். ஹட்டனுக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸைக் கல்லை ஒட்டி நிறுத்தி, இறங்கி, எழுத்தை விரலால் தடவிவிட்டுப் போவார். பேட்டரி செத்த பஸ்; அணைத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், புகை நேராகக் கல்லில் அடிக்கும். கல் கரிச்சட்டியாகிவிட்டது.

திருவிழாவுக்கு முதல் நாள், விளக்குத் தேய்த்தவர்களிடம் மிச்சப் புளியையும் பாதி பிழிந்த தேசிக்காயையும் வாங்கிக்கொண்டு மாமாவுக்கு உபகாரம் செய்யக் கிளம்பினேன். கல் நுரைத்தது. “பாத்தீங்களா, அழுக்கு கொதிக்குது!” என்று கத்தினேன்.

விளக்குத் தேய்த்த அக்கா எட்டிப் பார்த்தார். “ஏன் சேர், அழுக்கு வெள்ளையாவா வரும்?”

கையை எடுத்தேன். கறுப்போடு எழுத்தும் மாவாய் உதிர்ந்திருந்தது. புகையிலுள்ள கந்தகம் எங்கள் மூடுபனியில் கரைந்து அமிலமாகி, வருஷக்கணக்கில் கல்லின் மேல்தோலைப் பொருக்காக்கியிருக்கிறது. எழுத்து அந்தப் பொருக்கில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் உரித்துவிட்டேன். நாலில் இரண்டு இல்லை. அந்த நேரம் பார்த்துக் கீழ் வளைவில் மாமாவின் ஹார்ன். ஒளிய இடம் தேடினேன். குத்துவிளக்குக்குப் பின்னால் மறைகிற உடம்பா இது?

மாமா விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் வைத்தார். பிறகு என் கைப் புளியைப் பார்த்தார். அடி விழுமுன் கந்தகம், மூடுபனி என்று உளறிக் கொட்டினேன்.

கேட்டுவிட்டு, மெதுவாக, “அப்ப இத்தன வருசமா எம் பொகதானா சேர்?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. “பாதி நீங்க. பாதி நானு, மாமா.”

அவர் போய் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸுக்குள் அத்தனை பேரும் சத்தம் போட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார், அணைத்துவிட்டு. மிச்சம் இரண்டு எழுத்தையும் தடவிவிட்டு வருகிறார். இன்று காலை நல்ல மழை. புதுச் சட்டையோடு முன் சீட்டில் இருந்த நான், “இன்னைக்கு ஒரு நாள் எஞ்சின் ஓடட்டுமே மாமா” என்றேன்.

“எறங்கித் தள்ளுங்க சேர்.”