வட்டப்பாறையில் நான் வைத்த கை

இதை எழுத நாலு வருஷமாகத் தயங்கினேன். விபூதி பூசாமல் வெளியே இறங்காதவன் நான். அப்படிப்பட்டவன் ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டதை எப்படி எழுதுவது?

திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் கடை. என் பழைய காருக்கு, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவைப் புதிதாக மாட்டியது அவர்தான். ஆயுத பூஜை முடிந்து பத்தாம் நாளிலிருந்து கார் காலையில் கிளம்பவில்லை. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பழைய டைனமோவைத் தலையில் கட்டிவிட்டார் என்று டீக்கடையில் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். ஒரு வாரத்தில் அவர் இன்ஜினையே மாற்றிவிட்டதாக எனக்கே வந்து சொன்னார்கள். அவர் கடை முன்னால் வண்டி நிற்பது நின்றுபோனது.

அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, திருவாமாத்தூர் வட்டப்பாறைல கைய வெச்சி சத்தியம் பண்றேன். நீங்களும் வைப்பீங்களா?"

அந்தக் கோயில் பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் உண்டு. திங்கட்கிழமை காலை என் காரிலேயே போவதென்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை கார் கிளம்பவில்லை.

"இன்னாண்ணா, சாட்சியே வர மாட்டேங்குது!" என்றார்.

நானும் என் மனைவியும் தள்ள, அவர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜினை ஓடவிட்டுப் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். டைனமோவில் பதினாலு வோல்ட். பேட்டரிக்கு வரும் ஒயரின் கிளாம்பிலும் பதினாலு. கிளாம்பு கவ்வியிருக்கும் பேட்டரி முனையில் பன்னிரண்டு. ரெண்டு வோல்ட் விரற்கடை தூரத்தில் காணாமல் போயிருந்தது.

இன்ஜினை நிறுத்திக் கிளாம்பைக் கழற்றினார். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு.

ஆயுத பூஜையன்று பேட்டரியைத் துடைக்கக் கிளாம்புகளைக் கழற்றியது நான். ரெண்டு முனைக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தது நான். அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முறுக்கியதும் நான்.

"டைனமோ தெனம் சமைச்சி அனுப்பிக்கினுதான் இருக்குது. நீங்க வாசல்லயே மறிச்சிட்டீங்க" என்றார்.

"பொட்டு வெச்சா வெளிய தெரியிற எடத்துல வெக்கணுங்க" என்றாள் என் மனைவி.

உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். அதன்பின் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

"சரிப்பா, இனிமே எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றேன்.

"நான் பேசினதுக்கு மீட்டரு சாட்சி சொல்லிடுச்சி. நீங்க பேசினதுக்கு? ஏறுங்கண்ணா, ஜல்தி."

விழுப்புரம் தாண்டினோம். கார் நன்றாக ஓடியது. அபிராமேசுவரர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, பாறையில் கை வைத்து, "சந்தனம் வெச்சது நான், இவர் மேல தப்பில்ல" என்றேன். அவர் கை வைக்கவில்லை. வைக்கச் சொல்ல எனக்கு வாயில்லை.

திரும்பியதும் டீக்கடையில் அப்படியே சொன்னேன். மறுநாள் அது, மெக்கானிக் சந்தனத்தில் எதையோ கலந்துவிட்டார் என்று ஆகியிருந்தது.

அவர் கடையில் இன்றும் பழைய கூட்டம் இல்லை. அதனால்தான் எழுதினேன். படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், ருசிக்காக எதையும் சேர்க்க வேண்டாம். சந்தனம் வைத்தது நான்.