இரண்டு லாரிக்கு ஒரு பம்ப்

இன்று காலை எழுந்ததும் முதலில் ஷெட்டுக்குப் போய் லாரியின் பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். டீசல் பம்ப் எங்கள் வண்டியில்தான் இருக்கிறது.

களக்காடு இசக்கிமுத்து அண்ணாச்சி நேற்று மதியம் இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

எங்கள் பழைய மிலிட்டரி லாரியை இங்கே பலருக்குத் தெரியும். ராணுவம் கழித்த வண்டிகளை ஏலம் விட்டபோது அப்பாவும் அண்ணாச்சியும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். ஒரே மாடல், ஒரே பச்சை. ஒன்று தச்சநல்லூருக்கு வந்தது. மற்றது அண்ணாச்சியின் வாழை வயலுக்குப் போனது.

வருடங்கள் போய் இரண்டு வண்டியிலும் பம்ப் பழுதானது. புதியது எங்கும் கிடைக்கவில்லை. வேறு லாரியின் பம்பை மாட்டினால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது.

அண்ணாச்சி இரண்டையும் பிரித்து, நல்ல பாகங்களை மட்டும் சேர்த்து ஒரு பம்பாக ஆக்கிவிட்டார். அதிலிருந்து யாருக்கு வேலை வருகிறதோ அவர் வண்டியில் பம்ப் இருக்கும். மற்ற வண்டி நிற்கும்.

உரச்சாக்கில் வாழைச்சருகு சுற்றி, பம்ப் களக்காடு பஸ்ஸில் வரும். வண்ணார்பேட்டையில் போய் இறக்கிக்கொள்வேன்.

"எக்கா, மாசத்துல நாலு தடவ போயிட்டு வருது. இதுக்கு ஒரு பாஸ் எடுத்துருங்க" என்பார் கண்டக்டர்.

அப்பா இறந்தபின் லாரியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் என் கணவர். துஷ்டி கேட்க வந்த அண்ணாச்சி காதில் அது விழுந்துவிட்டது.

"உம்ம பைக்க அங்கன தள்ளி நிறுத்தும்வே. நம்ம வண்டிய எடுக்கையில பட்டுச்சுன்னா எடைக்குப் போடக்கூட மிஞ்சாது."

அத்தனை துக்கத்திலும் என் கணவர் சிரித்துவிட்டார். லாரி தங்கிவிட்டது.

அதன்பின் பம்புக்காக அண்ணாச்சியோடு பேசுவது நான்தான். காலேஜ் வேலையின் இடைவேளையில் போன் செய்வேன்.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் தெருவிலேயே நடந்த ஒரு சினிமா ஷூட்டிங்குக்கு லாரி கேட்டார்கள். மூன்று நாள்.

"அண்ணாச்சி, பம்ப் வேணுமே... அங்க சோலி இருக்கா?"

"ஒரு சோலியும் இல்ல தாயி. வண்டி சும்மாதான் நிக்குது. சாயங்கால பஸ்ல ஏத்தி விடுதேன்."

மூன்று நாளும் லாரியை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. ஹீரோ வசனம் பேச, பின்னால் நின்றது... அவ்வளவுதான். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பம்பைக் கழற்றித் திருப்பி அனுப்பியிருக்கலாம், தோன்றவில்லை. லாரியில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்து இங்கே போட்டேன்.

நேற்று சாயங்காலம் களக்காட்டில், அண்ணாச்சியின் மனைவி, மதினி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அதுவும் வந்தது.

"நீ ஷூட்டிங்குக்குப் பம்ப் கேட்டப்ப வயல்ல வாழத்தார் வெட்டிக் கெடந்துச்சு. விடாத மழை. அந்தச் சேத்துல வேற லாரி எறங்க மாட்டேன்னுட்டான். பாதித் தார் அங்கனயே பழுத்துப்போச்சு..."

"ஏன் மதினி எங்கிட்ட சொல்லல?"

"வாயத் தொறக்காதட்டின்னுட்டாவ உங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு இப்பதான் வண்டியால நாலு காசு வருது, கெடுத்துராதன்னாவ."



கிளம்பும்போது அண்ணாச்சியின் மகன் வாசல்வரை வந்தார். "எக்கா, பம்ப் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க வண்டிய உடைக்கப் போடுதோம். அதுக்கு முந்தி வேண்டிய சாமானைக் கழட்டிக்கிடுங்க."

மதினி உள்ளேயிருந்து, "அடுத்த மாசம் தார் வெட்டணும்லா. எதுல ஏத்துவ?" என்றார்கள்.

"பாத்துக்கிடலாம்மா."

அண்ணாச்சி வண்டியின் முன் ஆக்சில் கிடைத்தால் எங்கள் லாரி இன்னும் பத்து வருடம் ஓடும். சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் அதையும் நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

இன்று அந்த ஷூட்டிங் போட்டோவைத் தேடி எடுத்தேன். கீழே இருக்கும் லைக்குகளில் அண்ணாச்சியுடையதும் இருக்கிறது.

அண்ணாச்சி... பைய போங்க. அங்கே அப்பாவைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு களக்காடு போகிறேன். பம்பை மதினியின் வண்டியில் பொருத்திவிட்டு பஸ்ஸில் திரும்பி வருவேன். இனி அதைக் கேட்க மாட்டேன்.

அப்பா வண்டி நிற்கட்டும். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.