மேஜை விளக்கின் ஒயர்

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அக்காவின் பெயர் தெரிந்தது. எடுத்ததும், "உக்காந்திருக்கியா?" என்று கேட்டாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. யாரோ அவள் கையிலிருந்து போனை வாங்கினார்கள். அத்தானின் மெக்கானிக் ஷெட்டுக்கு அடுத்த டயர் கடைக்காரர். "ஷெட்டுக்கு வந்துடுங்க சார். வேகமா ஓட்டிட்டு வராதீங்க. இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார்.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். எதிரே ஒரு நீலக் கார், பானெட் திறந்தபடி நின்றது. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது அதன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். அத்தான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்ததால், வழக்கம்போலச் சத்தத்தைக் கவனிக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தபோதுதான் தோளைத் தொட்டிருக்கிறார். வண்டியை அணைத்ததும் அவர்தான்.

அந்தக் காரைத்தான் அத்தான் பதினேழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அது என்னுடைய கார். அப்போது அதன் நிறம் சாம்பல்.

ஆறு சிலிண்டர் இன்ஜின் அது. எரிபொருள் நேரம் தவறி எரிந்தால் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். அதை உணர்வதற்காக இன்ஜினின் உடம்பிலேயே, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு நாக் சென்சார்கள் பொருத்தியிருப்பார்கள். தட்டுவதைச் சென்சார் சொன்னால் வண்டியின் கம்ப்யூட்டர் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக்கும், தட்டுவது நின்றுவிடும். சென்சார் செத்துப்போனால் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி மேட்டில் ஏறாமல் முனகும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு விளக்கு எரிந்தது, வண்டி முனகியது, அத்தானிடம் கொண்டுபோய் விட்டேன். அவ்வளவுதான்.

சென்சார் கடையில் இல்லை. வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நானோ தினமும் வண்டி வேண்டும் என்று நச்சரித்தேன். அத்தான் ஷெட்டில் கிடந்த பழைய மேஜை விளக்கிலிருந்து ஒரு சாண் வெள்ளை ஒயரை வெட்டி, செத்த சென்சாருக்குப் போகும் கம்பியை நல்ல சென்சாரோடு இணைத்துவிட்டார். ஒரு பக்கம் கேட்டதை இரண்டு பக்கமும் கேட்டதாகக் கம்ப்யூட்டர் நம்பியது. விளக்கு அணைந்தது. மறுபக்கம் எவ்வளவு தட்டினாலும் சரியாகச் சொல்ல ஆள் இல்லை. அப்படியே விட்டால் ஒருநாள் பிஸ்டன் உடைந்து, ஓடும் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

"சரியாயிடுச்சா அத்தான்?" என்று கேட்டேன்.

"ம். எடுத்துட்டுப் போ. அடுத்த வியாழக்கிழமை மறக்காம கொண்டு வா."

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மச்சினனிடம் போய் என்ன விளக்கம் என்று நினைத்திருப்பார். வண்டியை விற்க நினைத்திருந்ததை நானும் சொல்லியிருக்கவில்லை. புதன்கிழமை ஒருவர் அதை வாங்க வீட்டுக்கு வந்து பார்த்தார். கூடவே மனைவி, ஓட்டிப் பார்த்தபோது பின் சீட்டில் ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள். வேறு ஊரில் வேலை, மறுநாள் காலையிலேயே கிளம்ப வேண்டும் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அத்தான் இரண்டு புதிய சென்சார்களோடு என் வாசலில் வந்து நின்றார். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவார். ஒன்று போனால் மற்றது பின்னாலேயே போகும் என்பார். நான் விற்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். குழந்தையைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பத்திரத்தில் இருந்த விலாசத்துக்கு அன்றே ஓடினோம். வாடகை வீடு, காலியாகி, அடுத்துக் குடிவருபவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். போன் எண் வேலை செய்யவில்லை. புது ஊரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அத்தானுக்குத் தெருவில் 'காது' என்று பெயர் வந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே நின்று தலையைச் சாய்ப்பார். பாலத்தில் ஏறும் வண்டி, லிஃப்ட், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, எதிலும் அவருக்குத் தட்டும் சத்தம் கேட்டது. "தெருக்கோடியில போற வண்டி கேக்குது. பக்கத்துல நின்னு நான் கத்துறது மட்டும் கேக்காது இந்த மனுஷனுக்கு," என்பாள் அக்கா. அவளுக்கும் காரணம் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காகத்தான் கிண்டல் செய்தாள்.

அந்த மாடல் கார் எங்கே நின்றாலும் குனிந்து, முன் கண்ணாடிக்குக் கீழே பதித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் படிப்பார். கடைசி மூன்று இலக்கம் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவை ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் காவலாளி சட்டையைப் பிடித்துவிட்டான். அத்தான் நிதானமாக, "திருடுறதா இருந்தா இதைவிட நல்ல வண்டி இங்க இல்லையாப்பா?" என்று கேட்டாராம். அவன் சிரித்துவிட்டு, கூடவே குனிந்து இரண்டு வண்டிக்கு எண் படித்துச் சொல்லியிருக்கிறான்.

என்னை ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பார். "அந்தக் குழந்தை பையனா, பொண்ணா மாப்ளே?" தெரியாது என்பேன். "இப்போ ஸ்கூல் போகும், இல்ல?" என்பார். பிறகொரு வருடம், "பத்தாவது படிக்கும்." வாய்விட்டு அவர் எண்ணியதெல்லாம் அந்த வயதை மட்டும்தான். எனக்கு அந்தக் கேள்வி வரப்போகிறது என்று முன்பே தெரிந்துவிடும். அவர் டீ டம்ளரைக் கீழே வைப்பார். நான் எழுந்து போக ஏதாவது சாக்குத் தேடுவேன்.

அவர் இறந்த வாரம் திங்கட்கிழமை நூலகத்துக்குப் போன் செய்தார். "வந்துடுச்சு," என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

கணக்கு டீச்சர் ஒருவர் தன் நீலக் காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் விளக்கு எரிந்ததாம். பதினேழு வருடம் இரண்டு பேர் வேலையைப் பார்த்த அந்த ஒற்றைச் சென்சாரும் செத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் இன்ஜினுக்கு மேலே இருந்த பெரிய அலுமினியக் கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். சென்சார்கள் அதற்கு அடியில்தான் இருக்கும். கூடு எழுந்தது. கீழே பள்ளத்தில் காய்ந்த இலைகள், எலி கடித்த பஞ்சு, அவற்றுக்கு நடுவே பழுப்பேறிய மேஜை விளக்கின் ஒயர். முறுக்கியதும் டேப் சுற்றியதும் அத்தானின் கைதான். எனக்கே அடையாளம் தெரிந்தது.

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். அவர் டார்ச்சை எடுத்து இன்ஜினின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"இது வேற இன்ஜின் மாப்ளே. ஒயர் மட்டும்தான் என்னுது."

பக்கத்தில் நின்றிருந்த டீச்சரும் ஆமாம் என்றார். அவர் வாங்குவதற்கு முன்பே இன்ஜினை மாற்றிவிட்டார்களாம். மாற்றிய மெக்கானிக் அந்த ஒயரைக் கம்பெனி ஒயர் என்று நினைத்து, பழைய சென்சார்களோடு அப்படியே புது இன்ஜினுக்கும் மாட்டியிருக்கிறான். பழைய இன்ஜின் எப்படிப் போனது, எங்கே போனது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. விற்றவரின் போன் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார். விற்றவர் பெயரைச் சொன்னார். நான் சாவி கொடுத்த மனிதரின் பெயர். குடும்பத்தோடு இருந்தாரா என்று அத்தான் கேட்டார்.

டீச்சர் யோசித்தார். "ரெண்டு தடவை போயிருந்தேங்க. அவர் மட்டும்தான் இருந்தார். வேற யாரையும் பாத்ததா ஞாபகம் இல்ல."

டீச்சர் கிளம்பிய பிறகு அத்தான் கை கழுவினார். துடைத்துவிட்டு மறுபடி கழுவினார். "அப்போ அந்த இன்ஜின் எங்கயோ நின்னிருக்கு. எங்க நின்னுச்சு மாப்ளே? ரோட்டுலயா, மேட்டுலயா? பின்னாடி லாரி வந்துச்சா?"

அப்படியெல்லாம் இருக்காது என்றேன். எந்த இன்ஜினும் வயதானால் போகும்; எண்ணெய் ஊற்றாமல் விட்டிருப்பார்கள்; மனைவியும் பிள்ளையும் அன்று கடைக்குப் போயிருப்பார்கள். நூலகத்தில் சத்தம் போடுபவர்களிடம் பேசும் குரலில் பேசினேன்.

அவர் எண் எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். "நீ பேசு. நீ படிச்சவன், பக்குவமா கேப்பே. எனக்கு, வண்டி நல்லா ஓடுச்சாங்கன்னு கேக்குறதுக்கு மேல வாய் வராது."

அந்த நிமிடமே பேசியிருக்கலாம். மாலை ஐந்து மணிதான் ஆகியிருந்தது. வேலை நாளில் இதையெல்லாம் கேட்டால் நன்றாக இருக்காது, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். மறுபடி ஒரு தடவை, "ஞாயித்துக்கிழமைதானே?" என்றார்.

புதிய சென்சார்கள் வியாழக்கிழமை வந்தன. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அத்தான் தனியாகவே வேலை செய்திருக்கிறார். இரண்டு சென்சாரும் பொருத்தி, ஒயரை வெட்டி எறிந்து, தனித்தனிக் கம்பி இழுத்து, கூட்டை மூடி, ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியிருந்தார். எல்லாவற்றையும் டயர் கடைக்காரர் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து சரிபார்த்தார். கை வைக்க ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னானாம். டீச்சர் வண்டியை எடுத்துப் போய்விட்டார். மேட்டில் நன்றாக ஏறுகிறது என்று அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "வண்டி வாங்கினவர்கிட்ட பேசினியா? என்ன சொன்னாங்க?" இந்த வாரம் பேசிவிடுகிறேன் என்றேன். அவள் உள்ளே போனாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. எண்ணைக் கைப்பேசியில் ஏற்றியிருக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.