தலைமுறை என்ற வரி

அக்கா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கீபோர்டில் ஒரு வரிக்கு மெட்டுத் தேடிய சாயங்காலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அரியலூர் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயிலின் பாடற்குழுவை நடத்தியவள் அவள்தான். கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். இயேசுவைக் கருவுற்ற மரியாள் தன் உறவுக்காரி எலிசபெத்தின் வீட்டில் பாடிய பாட்டுக்குப் புத்தகத்தில் இருந்த மெட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. "புள்ளத்தாச்சி பாடுற மாதிரியா இருக்கு? எழவு வூட்டுல பாடுற மாதிரி இருக்குடி" என்று சிரித்தாள். தானே புது மெட்டுப் போட்டாள். கடவுளின் இரக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்கிற இடத்தில் மெட்டு மேலே ஏறும். அவள் அதைப் பாடினால், குழந்தையைத் தூக்கி ஊருக்கே காட்டுவது போலிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலப் பூசையில் கேட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே குழந்தையின் அசைவு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, வேலை உடுப்போடே ஓடிவந்து, அந்தச் சின்ன உடம்பைத் துண்டில் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பெண் குழந்தை. அக்காவின் மூக்கு. அடக்கத்தில் பாட்டு எதுவும் இல்லை. பாட வேண்டியவள், பால் கட்டிய மார்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறு வருஷம் திருவருகைக் காலம் வந்தபோது, அந்த மெட்டை விட்டுவிடலாம் என்று ஃபாதர் சொன்னார். அக்கா கேட்கவில்லை.

"பாட்டு மாதாவோடது ஃபாதர். எனக்காவ நிறுத்தாதீங்க."

அந்த ஞாயிறு அவளே வாசித்துப் பாடினாள். தலைமுறை என்ற இடம் வந்தது. விரல்கள் வாசித்தன, குரல் வரவில்லை. குழுவில் கூடப் பாடிய எங்களுக்கும் நா எழவில்லை. வெறும் இசை மட்டும் ஏறிக்கொண்டிருந்தபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்த வரியைப் பிடித்தது. மாமா. கோயிலில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. சுருதி எங்கோ, அவர் எங்கோ. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வரியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். அக்கா திரும்பிப் பார்க்காமல் மிச்சத்தை வாசித்து முடித்தாள்.

பூசை முடிந்து வாசலில் மாமா கூச்சத்தோடு கேட்டார், "ரொம்பக் கெடுத்துட்டனா?"

"இல்லங்க. அத எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"நீ வயித்தத் தடவிக்கிட்டே பாடுவல்ல, அப்ப."

ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், அத்தனை பேர் பார்க்க, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இப்போதும் ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் அந்த வரி வந்ததும் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். மாமா மட்டும் பாடுகிறார். சுருதி இன்னும் சேரவில்லை. யாரும் அவரைத் திருத்துவதில்லை.