மெஹர்பானு துடைத்த கண்ணாடி

காலையில் வந்ததும் மெஹர்பானுவுக்கு முதல் வேலை காக்கா எச்சம் துடைப்பது. டிப்ளமோ படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேலி பண்ணுவோம். சிரித்துக்கொண்டே மொட்டைமாடிக்குப் போய்விடுவாள்.

சங்கரன்கோவிலில் எங்கள் கம்பெனி சோலார் வாட்டர் ஹீட்டர் செய்கிறது. மாடியில் பேனலை வெயிலில் வைத்தால், உள்ளே போகிற தண்ணீரின் சூடு, வெளியே வருகிற தண்ணீரின் சூடு, அடிக்கிற வெயில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பதிந்துகொண்டு, பேனல் தேறுமா என்று சொல்லிவிடும். வெயிலை அளப்பது கம்பத்து உச்சியில் இருக்கிற சின்னக் கண்ணாடிக் குமிழ். எட்டு வருஷமாக அதைத் துடைத்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்கு இருபது பேனல் ஆர்டர் வந்தது. முதலாளி மூக்காண்டி அண்ணாச்சி மட்டமான சரக்கை வாங்கிப் போட்டார். ஒன்றுகூடத் தேறவில்லை. மெஹர்பானு லீவு போட்ட ஒரு நாள் மட்டும் எல்லாம் பாஸ்! குமிழில் எச்சம் இருந்தால் கம்ப்யூட்டருக்கு வெயில் குறைவாகத் தெரியும். இந்தக் கொஞ்ச வெயிலிலேயே இவ்வளவு சூடா என்று அது ஏமாந்துபோகும்.

அண்ணாச்சிக்கு அது போதும். பெற்ற அப்பனுக்கு அமாவாசைச் சோறு வைக்காத மனுஷன், தினமும் கம்பத்தடியில் தயிர்சோறு வைத்து 'கா கா' என்று கூப்பிட்டார்.

"எங்க அப்பாவுக்கு வைக்கேன். இனி அந்தக் கண்ணாடியத் தொடாத" என்றார்.

"பிள்ள பெத்தவ பச்சத்தண்ணியிலயா குளிப்பா அண்ணாச்சி? செத்தவரு பேரச் சொல்லி இந்த அசிங்கத்தப் பண்ணாதீங்க."

மாடியேறித் துப்பட்டாவாலேயே துடைத்தாள். மறுபடி சோதித்து, இருபதும் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தாள். அண்ணாச்சி அதைக் கசக்கி எறிந்தார். "ஏட்டி, நாளைக்கு வராத." நாங்கள் ஆறு பேர் நின்றோம். அப்படியே அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். தூ!

மறுநாள் அவள் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். நான் குமிழைத் துடைக்கவில்லை. இருபதும் பாஸ்.

போன வாரம் என் தங்கச்சி சுப்புத்தாய்க்கு அதே வார்டில் பிரசவம். வெந்நீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனேன்.

"இத எவன் அண்ணே சோதிச்சான்?" என்று கேட்டாள்.

"ஒழுங்கா ஒருத்தி சோதிச்சா. வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றேன். கையெழுத்து யாருடையது என்று சொல்லவில்லை.