குரவையின் ஒருசந்தி

எங்கள் வீட்டில் குளத்து மீனை மீன் என்றே யாரும் ஒத்துக்கொண்டதில்லை. அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் எஞ்சின் டிரைவர். அம்மாவின் தம்பியான மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் தூண்டில். வாலை மட்டும் காட்டினாலே பாறையா, விளமீனா என்று சொல்லிவிடுகிற ஆட்கள். அப்படிப்பட்டவர்கள் நடுவில் அப்பா ஒருநாள், ஸ்ரீவைகுண்டம் வாய்க்காலில் பிடித்ததென்று இரண்டு மீன்களைப் பாலித்தீன் பையில் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியும் வாங்கி வைத்தார். அடுத்த வீட்டு அத்தை தலையைப் பார்த்துவிட்டுப் பாம்பு என்றாள். அம்மா விரால் குஞ்சு என்றாள். கை நீளம் வளர்ந்து வீட்டையே தின்றுவிடும் என்றும் சொன்னாள். கடைசியில் தொட்டி விற்ற கடைக்காரரே வந்து பார்த்துத்தான் சண்டை ஓய்ந்தது.

"விரால் குஞ்சுன்னா மேல செவப்பாக் கோடு ஓடும் அண்ணாச்சி. இதுக்குத் துடுப்பு ஓரத்துலதான் ஆரஞ்சு. இது குரவை, குட்டை ரகம். வளர வேண்டியதெல்லாம் வளந்துட்டு."

தோணி ஏறுமுன் அப்பா மீன்களை என் பொறுப்பில் விட்டார். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பக் கூடாது, ஏனென்றால் இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கும். குதித்து ஓடிவிடும் என்பதால் மூடிமேல் எப்போதும் கல் இருக்க வேண்டும். மாதா கோயில் வளாகத்து வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்று தண்ணீரில் கிடப்பது நல்லது. தான் திரும்பி வருகிற வரைக்கும் இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. ஒன்று செத்தாலும் அப்பா திரும்பி வரமாட்டார் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம்தான்.

தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாளில், பெரிய மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. இறால் துண்டைப் போட்டால் சின்னது பாய்ந்து கவ்வும். பெரியது மூலையில் அசையாமல் நிற்கும், காற்று விழுங்க மட்டும் மேலே வரும். தாடைக்குக் கீழே வீங்கியும் இருந்தது. அத்தைக்கு இது வேடிக்கையாகப் போயிற்று. வேதக்கார வீட்டு மீன் அல்லவா, தவக்காலத்துக்கு ஒருசந்தி இருக்கிறது என்றாள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருப்பதைத்தான் எங்கள் பக்கம் ஒருசந்தி என்பார்கள். ஒருசந்திக்காரர் மத்தியானமாவது சாப்பிடுவாரே என்று நான் அவளோடு மல்லுக்கு நின்றேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். வாதாம் இலைகளை அள்ளிப் போட்டதில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. மாமா உப்புப் போடச் சொன்னார். உப்பளத்து ஊரில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. அந்த வாரம் மாமா சாயங்காலம் தவறாமல் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்பார், அம்மா இல்லையென்று தலையை ஆட்டுவாள், உடனே செல்போனோடு வாசலுக்குப் போய்விடுவார். மீன் விஷயத்தில் பெரியவர்கள் இவ்வளவு அக்கறை காட்டியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவாள். இந்த வருஷம் உன் அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்றாள் அத்தை.

சனிக்கிழமை மாமா ஒரு முடிவோடு வந்தார். மீன் கல்லை விழுங்கியிருக்கிறது, வாயைப் பிளந்து எடுத்துவிட்டால் சரியாகும் என்றார். தூண்டில் முள்ளை எடுத்துப் பழகிய கைதானே, எனக்கும் நம்பிக்கை வந்தது. மூடியைத் திறந்து வலையால் அள்ளி, மீனின் தாடையில் அவர் கட்டைவிரலை வைத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுலே. அதுவாத் தொறக்கட்டும்."

"செத்துரும்க்கா."

"சாவாது. யாரும் சாவ மாட்டாங்க. கைய எடுலே."

எதற்கும் எதிர்வாதம் செய்கிற மாமா, உடனே மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு மூடிமேல் கல்லைத் தூக்கி வைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா அப்பாவை வரவிடாமல் செய்துவிட்டாள் என்றே நினைத்தேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அந்த மீன் தானாக வாய் திறந்தது. உள்ளேயிருந்து எள்ளைத் தூவியதுபோலக் குஞ்சுகள் வந்தன. நான் கண்ணாடியில் கை வைத்ததும் அத்தனையும் திரும்ப வாய்க்குள் போய்விட்டன. முட்டையை வாயில் வைத்துப் பொரிப்பது ஆண் மீன்தான், அதுவரை அது இரை எடுக்காது என்று பிறகு கடைக்காரர் சொன்னார். நான் கத்திய கத்தலில் அம்மா ஓடிவந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். மீன் பிழைத்த சந்தோஷம் என்று நினைத்து, நான் அவளைத் தேற்றினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பாவிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் அம்மா பழைய சோற்றில் சாளைக் குழம்பை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டாள். காலையிலேயே ஒருசந்தியை முறித்துவிட்டாளே என்று நான் அத்தையிடம் கோள் சொன்னேன். விரதத்தில் அவ்வளவு கறாரான அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

நடுக்கடலில் எஞ்சின் நின்று, எந்தத் தகவலும் இல்லாமல் அப்பாவின் தோணி மிதந்துகொண்டிருந்ததும், இன்னொரு தோணி அதை ஒரு தீவுக்கு இழுத்துப்போனதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. மாமா சாயங்காலம்தோறும் கேட்டுவந்தது அந்தத் தோணியைப் பற்றித்தான். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மட்டும்தான் நான் இறாலை நறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.